தனபாலின் கட்டில்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மெஸ்ஸின் தகரக் கூரை வெயிலில் முறுக்கேறி டப் டப்பென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. கறிக்குழம்பு வாசம், மணி அடிப்பதற்கு முன்பே மாடியேறி ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தது. நான் பெஞ்சின் கோடியில் உட்கார்ந்திருந்தேன். எதிரே என் அறைத்தோழன் தியாகு.

சமையல்காரர் கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"தனபாலு, எலும்பு வெக்கட்டுங்களா, ஈரல் வெக்கட்டுங்களா?"

"எதுன்னாலும் செரிங்க."

"தோட்டத்துக்காரர் ஊட்டுப் பையன் இப்படிச் சொன்னா எப்படிங்க? கேட்டு வாங்கித் திங்கோணும்."

ஈரலே வைத்தார். என் பெயர் தனபால் இல்லை. எங்கள் வீட்டுக்குத் தோட்டமும் இல்லை.

அப்போது வெளியே ரோட்டில் யாரோ ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது கேட்டது. ஒரே ஒரு முறை. தட்டுச் சத்தமும் கூரைச் சத்தமும் அதை மூடிவிட்டன. தியாகு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் தலை நிமிராமல் குழம்பைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

"தேறிட்டடா" என்று சிரித்தான்.

கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு அறைத்தோழன் குழந்தைவேலு வந்தான். எப்போதும் பந்திக்கு முந்துகிறவன் அன்று தாமதம். என் பச்சைக் கட்டம் போட்ட சட்டையை மாட்டியிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்தான். தன் தட்டில் விழுந்த கறியில் பெரிய துண்டாக ஒன்றை எடுத்து என் தட்டில் வைத்தான்.

"ஏன்டா?"

"தின்னுடா. எனக்கு வவுறு செரியில்ல."

தின்றேன். இளங்கறி. பஞ்சுபோல இருந்தது. இத்தனை வருஷமாக அந்தத் துண்டைத் துப்பப் பார்க்கிறேன்.

பொற்காலம் என்கிறவர்கள்

போன வாரம் இந்தப் பத்தியில், ஊரைவிட்டு முதன்முதலாகச் சேலத்துக்குப் பஸ் ஏறியதை எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒருவர் நாமக்கல் பஸ் நிலையத்தில் என்னை அடையாளம் கண்டு நிறுத்தினார். கையில் பார்சல் பொட்டலம். கண்ணாடிக்குள் கண்கள் மினுங்கின.

"அடுத்த வாரம் ஆஸ்டல்தானுங்களே? அதெல்லாம் ஒரு பொற்காலமுங்க. ஒரே ஊடு மாதிரி இருந்தம். ஒரே சோப்பு, ஒரே சீப்பு. இப்பத்த பசங்களுக்கு அது எங்கீங்க தெரியும்?"

ஆமாங்க என்றேன். அவர் பஸ் நகர ஆரம்பித்திருந்தது. ஓடுகிற பஸ்ஸில் தொற்றிக்கொண்டு கையசைக்கிற மனிதரிடம் எதைச் சொல்ல முடியும்.

பொற்காலம் என்ற சொல் எனக்கு ஆகாது. ஒரு கூட்டம் ஆட்கள் ஒரு காலத்தைப் பொன் என்றால், அந்தப் பொன்னை உருக்கியது யாருடைய நெருப்பு, அதில் வெந்தவன் யார் என்று பார்க்கத் தோன்றுகிறது. எங்கள் அறையிலும் ஒரே சோப்பு, ஒரே சீப்பு. அதில் குறை ஒன்றும் சொல்ல முடியாது.

பெயர் கிடைத்த விதம்

எழுபதுகளின் பிற்பாதி. எனக்குச் சேலத்துக் கல்லூரியில் இடம் கிடைத்த கடிதம் தாமதமாக வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது விடுதி நிரம்பிவிட்டது. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார் வார்டன். அடுத்த வருஷம் வரை எங்கே படுப்பது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எங்கள் ஊர் நாமகிரிப்பேட்டையிலிருந்து தம்மம்பட்டி போகும் சாலையில் உள்ளடங்கிக் கிடக்கிறது. தினமும் போய்வர முடியாது. சில நாள் பஸ் நிலையத்துப் பெஞ்சில் தலை சாய்த்துவிட்டு, குழாயடியில் முகம் கழுவி வகுப்புக்குப் போனேன்.

என் வகுப்புக் குழந்தைவேலு அதைக் கண்டுபிடித்தான். திருச்செங்கோட்டுப் பக்கம். நிலபுலம் உள்ள குடும்பம். நல்ல வளர்த்தி, நெற்றியில் எப்போதும் திருநீறு, எதையும் முடிவாகப் பேசுகிற குரல்.

"எங்க ரூமுல ஒரு கட்டிலு சும்மா கெடக்குது. வந்து படுத்துக்க."

அந்தக் கட்டில் அவன் மாமன் மகன் தனபாலுடையது. தனபால் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே படிப்பை விட்டுவிட்டு, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரியில் ஆந்திராப் பக்கம் போய்விட்டான். கல்லூரியில் அவன் பெயரை அடித்துவிட்டார்கள். விடுதியில் அடிக்கவில்லை. இரண்டு ஆபீசும் ஒரே காம்பவுண்டுக்குள் இருந்தும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டதில்லை. பெயரை எடுத்தால் வார்டன் தனக்கு வேண்டியவன் யாரையாவது கொண்டுவந்து அறையில் போட்டுவிடுவார் என்று குழந்தைவேலுக்குப் பயம். ஆகவே பெயர் அப்படியே இருக்கட்டும், அதற்குள் ஓர் ஆள் மட்டும் வேண்டும் என்று பார்த்திருக்கிறான். நான் கிடைத்தேன்.

இப்படி ஒருவன் இடத்தில் இன்னொருவன் ஒட்டிக்கொள்வது அந்த விடுதியில் புதிதில்லை. என் வகுப்புப் பையன்கள் சிலருக்குத் தெரியும். காட்டிக் கொடுக்க மாட்டார்கள். வார்டனுக்குப் பெயர்கள்தான் தெரியும், முகங்கள் நினைவில் நிற்காது; என் சொந்தப் பெயர் மட்டும் அவர் காதில் விழாமல் இருக்க வேண்டும்.

கல்லூரிக்கும் விடுதிக்கும் நடுவே ஒரு சின்னப் பாலம். அடியில் சாக்கடை. பாலத்துக்கு அந்தப் பக்கம் நான் மாரிமுத்து. இந்தப் பக்கம் வந்தால் தனபால். தினமும் அந்தச் சாக்கடையைத் தாண்டும்போது என்னையே ஒருமுறை கழற்றி மாட்டுவேன்.

தோட்டம், கிணறு, குலதெய்வம்

பெயர் மட்டும் போதவில்லை. பெயரோடு ஒரு ஊர் வந்தது. ஊரோடு ஒரு தோட்டம், ஒரு கிணறு, கிணற்றடியில் ஒரு புளியமரம், குலதெய்வம், அத்தைமார்கள் எல்லாம் வந்தார்கள். குழந்தைவேலு சொல்லிக் கொடுப்பான். நான் ஒப்பிப்பேன்.

"உங்க தோட்டத்துக்கு எந்தப் பஸ்ஸுல வரோணும்?"

சொல்வேன்.

"பெரியத்தையக் கட்டிக் குடுத்தது எங்க?"

அதையும் சொல்வேன். பார்த்தேயிராத அத்தையின் முகம்கூட எனக்குள் ஒன்று உண்டாகிவிட்டது. மூக்குத்தி போட்டு, சிரித்த முகமாக. எங்கள் சொந்த அத்தை மரவள்ளிக் குச்சிக்கிழங்குக் காட்டில் கூலிக்குப் போகிறவள். அவளைப் பற்றி அந்த விடுதியில் யாரும் கேட்கவில்லை.

சமையல்காரர் 'ங்க' போட்டுப் பேசியதெல்லாம் தனபாலோடுதான். அந்த மரியாதையை முதல்முறை கேட்டபோது என் முதுகு தானாக நிமிர்ந்தது. யாருடைய முதுகு நிமிர்ந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

ஒரு கட்டளை இருந்தது. குழந்தைவேலு போட்டது.

"ஆரு வந்து மாரிமுத்துன்னு கேட்டாலும், அப்படி ஆளே இல்லைன்னு சொல்லீரோணும். நானும் அதயேதான் சொல்லுவேன், தியாகுவும் அதயேதான் சொல்லுவான். உங்கூட்டுலகூடப் பேரப் பத்திச் சொல்லாதே. பஸ்ஸுல ஆராச்சும் பேசுனா சுத்திச் சுத்தி வார்டன் காதுக்கு வந்துரும். மூணு பேரு சீட்டும் போயிரும்."

வீட்டில் நான் சொல்லவில்லை. ஆஸ்டல்ல இடம் கிடைச்சிருச்சு என்று மட்டும் சொன்னேன். அப்பா சந்தோஷத்தில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

தியாகு ஆத்தூர்ப் பக்கத்துக்காரன். எல்லாமே விளையாட்டு அவனுக்கு. நடந்து போகும்போது பின்னால் நின்று திடீரென்று "மாரிமுத்து" என்று கத்துவான். திரும்பினால் மண்டையில் ஒரு குட்டு.

"என்னாடா இது, கூப்ட்டா திரும்புற? செத்தாலும் திரும்பக் கூடாது, தெரியுதா?"

முதலில் நிறையக் குட்டு வாங்கினேன். அப்புறம் கழுத்து கற்றுக்கொண்டது. என் பெயர் காதில் விழும், ஆனால் கழுத்துவரை வந்து நின்றுவிடும். மாட்டுக்கு மூக்கணாங்கயிறு மாதிரி எனக்கு என் பெயரையே போட்டுப் பழக்கினார்கள்.

கொடி

அறையின் குறுக்கே ஒரு கொடி. ஜன்னல் கம்பியிலிருந்து எதிர்ச் சுவர் ஆணிவரை. அதில் கிடப்பதெல்லாம் பொது. எந்த அவசரத்துக்கு எது கைக்கு எட்டுகிறதோ அதை மாட்டிக்கொண்டு போய்விடலாம். கேட்க வேண்டியதில்லை. கேட்டால்தான் கேவலம்.

நான் குழந்தைவேலுவின் சட்டையைப் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போயிருக்கிறேன். தியாகுவின் பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு போயிருக்கிறேன். என் துணியை மட்டும் யாரும் எடுப்பதில்லை. எடுக்கிற மாதிரி எதுவும் இல்லை.

தீபாவளிக்கு அப்பா ஒரு சட்டை எடுத்துக் கொடுத்தார். பச்சைக் கட்டம். எங்கள் ஊர்ப் பக்கத்துத் தையல்காரர் வீட்டில் அது முடியும்வரை அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கடைசியில் ஒரு பச்சைப் பொத்தான் குறைந்தது. தையல்காரர் டப்பாவைக் கிண்டி ஒரு வெள்ளைப் பொத்தானை எடுத்து அடியில் வைத்துத் தைத்தார். "பேண்டுக்குள்ள போயிரும், ஆரும் பாக்க மாட்டாங்க" என்றார்.

அந்தச் சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. குழந்தைவேலு அதை எடுத்து மாட்டினான். கண்ணாடி முன்னால் நின்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

"நல்லா இருக்குதுடா."

எனக்கு எப்படி இருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். கல்யாணத்துக்குப் பெண் கேட்டு வந்த மாதிரி இருந்தது. என் சட்டையும் கொடியில் சேர்ந்துவிட்டது. நானும் அந்த அறையில் ஓர் ஆள் ஆகிவிட்டேன்.

அவன் அந்தச் சட்டையோடு கீழே இறங்கிப் போனான். நான் தட்டை எடுத்துக்கொண்டு மெஸ்ஸுக்குப் போனேன்.

ஒருநாள் தனபால் வந்தான்

இடையில் இதையும் சொல்லிவிடுகிறேன். நிஜத் தனபால் ஒருமுறை வந்தான். ஆந்திராவிலிருந்து திரும்புகிற ரிக் லாரி சேலத்தில் நின்றபோது இறங்கி வந்திருந்தான். தலை, புருவம், கண் இமை எல்லாம் செம்மண். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். வார்டன் இல்லாத நேரமாகப் பார்த்து மாடியேறினான்.

கட்டிலில் பொத்தென்று விழுந்தான். இரும்புச் சட்டத்தில் தான் காம்பஸ் முள்ளால் கிறுக்கிய பெயரைத் தடவிப் பார்த்தான்.

"ஏனுங்க, நான் எப்படிங்க இருக்கறேன்?"

"நல்லா இருக்கறீங்க" என்றேன்.

"நல்லாப் படிக்கறனா?"

"சுமாராத்தான் படிக்கறீங்க."

"சண்டை கிண்டை ஏதாச்சும் போட்டனா?"

"இல்லீங்க. நீங்க ரொம்ப அமைதி."

விழுந்து விழுந்து சிரித்தான். சிரிக்கும்போதே தூங்கிப்போனான். சாயங்காலம்வரை தூங்கினான். நான் தரையில் உட்கார்ந்து அந்தத் தூக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டிலுக்குச் சொந்தக்காரன் தூங்குகிறான். அவன் எழுந்து போகும்வரை எனக்கு அந்த அறையில் பெயரே கிடையாது. போகும்போது என் தோளைத் தட்டி, "பேர நல்லா வெச்சுக்கங்க" என்றான். குழந்தைவேலு, தியாகு, தனபால் என்ற மூவரில் எனக்குக் கோபம் இல்லாத ஒரே ஆள் அவன்தான். கொடுத்தான், போய்விட்டான்.

பொங்கலுக்குப் போனபோது

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். வாசலில் அம்மா கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். என் கடைசித் தங்கை. என்னைப் பார்த்ததும் அம்மாவின் வாய் கோணியது.

"உங்கப்பனுக்குக் கண்ணு போச்சு சாமி."

கிழங்குக் காட்டில் குச்சி பிடுங்கும்போது ஒரு குச்சி வலது கண்ணில் குத்திவிட்டதாம். பொங்கலுக்கு ரொம்ப முன்னால். இவள் கூட வருகிறேன் என்றிருக்கிறாள். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு நீ எதற்கு என்று அப்பா தனியாகச் சேலத்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்.

"சேலத்துல பையன் இருக்கறான்ல, எனக்கென்னன்னு சொல்லீட்டுத்தான் போனாரு. அடுத்த நாளே வந்துட்டாரு. மருந்து போட்டா போதும்னு சொல்லீட்டாங்கன்னாரு. அப்பறம் சீழு வெச்சு, பார்வ சுத்தமாப் போயிருச்சு."

எனக்கு எழுதிப் போடவில்லையா என்று கேட்டேன்.

அம்மா என்னை விநோதமாகப் பார்த்தாள். "உன்னப் பாத்தாருன்னாரே. நல்லா இருக்கறான், நல்லாப் படிக்கறான்னு சொன்னாரே."

அப்பா வீட்டுக்குப் பின்னால் மாட்டுக்குச் சோளத்தட்டு அரிந்துகொண்டிருந்தார். வலது கண்ணில் இமை ஒட்டிக் கிடந்தது. நான் நின்றது அந்தப் பக்கம். அவருக்குத் தெரியவில்லை. சுற்றி வந்து எதிரில் உட்கார்ந்தேன்.

"ஆஸ்டலுக்கு வந்தயாப்பா?"

தட்டு அரிகிற கை நின்றது. மறுபடி அரிந்தது.

"வந்தேன்."

"எப்ப?"

"ஒரு ஞாயித்துக்கெழம. கறி வாசம் அடிச்சுது."

"என்னப் பாத்தேன்னு அம்மாகிட்டச் சொன்னயாமே."

"அவகிட்ட வேற என்னத்தச் சொல்றது."

மெதுவாகத்தான் வந்தது எல்லாம். நான் கேட்கக் கேட்க ஒவ்வொரு கட்டாக அவிழ்த்துப் போடுகிற மாதிரி. ஆஸ்பத்திரியில் உடனே ஆபரேசன் செய்ய வேண்டும் என்றார்களாம். துணைக்கு ஆள் இல்லாமல் சேர்க்க மாட்டோம், கையெழுத்துப் போடுகிறவனாக ஒருவனைக் கூட்டி வா என்றார்களாம். அப்பா வராந்தாவில் படுத்திருந்துவிட்டு, காலையில் வழி கேட்டுக் கேட்டு விடுதிக்கு நடந்திருக்கிறார்.

"கேட்டுல ஒரு வாத்தியாரு சேரு போட்டு உக்காந்திருந்தாரு. மாரிமுத்துன்னு கேட்டேன். பேரெல்லாம் பாத்துட்டு அப்படி ஆரும் இல்லையேன்னாரு. அந்நேரம் ஒரு பையன் வந்தான். இவனக் கேளுன்னாரு. அவனும் அப்படி ஆரும் இல்லீங்கன்னான். நல்ல பையன் சாமி. வெயில்ல நிக்கறீங்களேன்னு சொம்புல தண்ணி மொண்டாந்து குடுத்தான்."

"எப்படி இருந்தான்?"

அப்பா அரிவாளைக் கீழே வைத்தார்.

"உன்ற சட்டையப் போட்டிருந்தான்."

காக்கை ஒன்று கூரையில் இறங்கி மறுபடி பறந்தது. எனக்கு அதன் இறக்கைச் சத்தம்கூட ஞாபகம் இருக்கிறது.

"ஒரே பீஸுல எத்தனையோ சட்ட தெப்பாங்கன்னுதான் மொதல்ல நெனச்சேன். தண்ணி குடுக்கக் குனிஞ்சான். அடிப் பொத்தானப் பாத்தேன். வெள்ள."

"அப்பறம்?"

"அப்பறமென்ன. நீதான் அப்படிச் சொல்லச் சொல்லியிருக்கறேன்னு தெரிஞ்சுது. பெரிய எடத்துப் பசங்ககூட இருக்கறே. இப்படிக் கண்ணுல கட்டோட ஒருத்தன் வந்து உங்கப்பன்னு நின்னா உனக்குச் செரிப்படாது. அதுல தப்பொண்ணும் இல்ல சாமி."

"அப்பா."

"ரோட்டுக்கு வந்து ஒருக்கா கூப்புட்டுப் பாத்தேன். சும்மாதான். மனசு கேக்கல."

என் அப்பா உரக்கப் பேசுகிறவர் அல்ல. காட்டில் தூரத்தில் நிற்கிறவரைக்கூடக் கூப்பிட மாட்டார், நடந்து கிட்டே போய்ப் பேசுவார். அவர் கத்தினால் எப்படி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை தட்டுச் சத்தத்துக்கும் கூரைச் சத்தத்துக்கும் நடுவே கேட்டது அதுதான். பெயர் கழுத்துவரை வந்து நின்றது. தியாகு, தேறிட்டடா என்றான்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். தனபால், ரிக் லாரி, வார்டன், கொடி, கட்டளை. அழுதுகொண்டே சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது கட்டிய கதை போல ஒலித்தது. ஒரு பெயருக்குள் இன்னொருவன் குடியிருக்கிறான் என்றால் கிழங்குக் காட்டு மனிதர் எப்படி நம்புவார்?

கடைசிவரை கேட்டார். தலையாட்டினார்.

"செரி சாமி."

காட்டுச் சொந்தக்காரர் என்ன சொன்னாலும் அப்பா இப்படித்தான் சொல்வார். செரிங்க சாமி. நம்பினாரா இல்லையா என்று அந்தக் குரலில் இடமே இல்லை.

எஸ் சார்

திரும்பிப் போனபோது குழந்தைவேலு கட்டிலில் சாய்ந்து கரும்பு கடித்துக்கொண்டிருந்தான். தியாகு தரையில்.

"எங்கப்பா வந்தாராடா?"

கரும்பை வாயிலிருந்து எடுத்தான். பொய் சொல்லவில்லை. அது ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும்.

"வந்தாரு."

"இல்லைன்னு சொன்னயா?"

"வார்டன் பக்கத்துல உக்காந்திருக்கறாரு. பேரெல்லாம் பாத்து முடிச்சுட்டு என்னயக் கேக்கறாரு. நான் என்னத்தடா சொல்றது? ஆமாங்க சார், எங்க ரூமுலதான் இருக்கறான், தனபாலுங்கற பேருலன்னு சொல்லியிருக்கோணுமா?"

"அப்பறமாச்சும் எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல."

"சொல்லலாம்னுதான் மெஸ்ஸுக்கு வந்தேன். சொன்னா நீ அப்பவே ஓடியிருப்பே. வார்டன் கேட்டுலயேதான் இருந்தாரு. தின்னு முடிக்கட்டும்னு பாத்தேன்."

"தின்னு முடிச்சேனே."

அவன் கரும்புச் சக்கையைப் பார்த்தான். "அதுக்குள்ள மேட்னிக்கு நேரமாயிருச்சு."

ஆமாம். மூன்று பேரும் மேட்னி போனோம். தியேட்டருக்குப் போகும் வழியில்தான் பஸ் நிலையம். தியாகு ஏதோ சொல்ல நான் சிரித்துக்கொண்டே அதைத் தாண்டிப் போனேன். அந்நேரம் உள்ளே எந்தப் பஸ்ஸில், எந்த ஜன்னலோரம் அவர் உட்கார்ந்திருந்தாரோ. குழந்தைவேலு என் சட்டையில்தான் வந்தான்.

"அவரு கண்ணுல கட்டு இருந்துதா?"

"இருந்துது."

"பாத்தயா?"

"பாத்தேன்டா. என்னமோ ஏதோன்னு நெனச்சேன். அவருதான் ஒண்ணும் சொல்லலையே."

தியாகு எழுந்து என் தோளில் கை வைத்தான். "என்னாடா பண்ணுவான் அவன்? சொல்லியிருந்தா நம்ம மூணு பேருமே ரோட்லதான் நிக்கணும்."

நான் கையைத் தட்டிவிட்டேன். அதற்கு மேல் என்ன செய்தேன்? பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியேறினேன் என்று எழுத ஆசைதான். அந்தப் பெஞ்சு, அந்தக் குழாயடி, படிப்பு நின்றால் கிழங்குக் காடு. ஒரு கண்ணோடு ஒருவர் அங்கே எனக்காகக் குச்சி பிடுங்கிக்கொண்டிருந்தார். சாயங்காலம் வராந்தாவில் வரிசையாக நிற்கவைத்து ஆஜர் எடுத்தார்கள்.

"தனபால்."

"எஸ் சார்."

குரல் நடுங்கவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது.

பச்சைச் சட்டையைக் கொடியிலிருந்து எடுத்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். கொடியின் சட்டத்தை மீறியது அந்த அறையில் நான் ஒருவன்தான். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் குழந்தைவேலு ஒரு கறித்துண்டை எடுத்து என் தட்டில் வைப்பான். நான் அதை மட்டும் ஒதுக்கிவிட்டு எழுந்து போவேன். அடுத்த வாரமும் வைப்பான். வருஷம் முடியும்வரை எங்களுக்குள் பேச்சு அந்தத் துண்டுதான்.

அடுத்த வருஷம் என் பெயரிலேயே எனக்கு இடம் கிடைத்தது. வேறு அறை. சமையல்காரர் விஷயம் தெரிந்து சிரித்தார். பெயர் மாறியதும் அவருடைய 'ங்க'வும் மாறியது. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அது எனக்கு வந்ததே இல்லை.

கல்யாண மண்டபம்

எண்பதுகளில் ஒரு கல்யாணத்தில் குழந்தைவேலுவைப் பார்த்தேன். அப்போது அவனுக்குச் சொந்தமாக ரிக் லாரிகள் ஓடின. உடம்பு பெருத்திருந்தான். தூரத்திலிருந்தே கூப்பிட்டான்.

"ஏ தனபாலு."

திரும்பினேன். அந்தப் பெயருக்கு என் கழுத்து இன்னும் சரியாகத் திரும்புகிறது.

நாலைந்து பேர் நடுவில் என்னை இழுத்து நிறுத்தித் தோளில் கை போட்டான். "இவரு இன்னைக்கு எழுத்தாளருங்க. அன்னைக்கு நாங்கதான் கட்டிலு குடுத்து, பேரு குடுத்து, காப்பாத்திப் படிக்க வெச்சம். என்னடா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவன் சொன்னதில் ஒரு எழுத்தும் பொய்யில்லை. அந்தக் கட்டில் இல்லாவிட்டால் எனக்குப் படிப்பு இல்லை. நன்றி சொல்ல வேண்டியவனாகவும் மன்னிக்க முடியாதவனாகவும் ஒரே ஆள் நிற்கும்போது வாய் என்ன செய்யும். சிரித்தேன். பந்தியில் பக்கத்து இலை அவனுடையது. கறி விருந்து இல்லை, பிழைத்தேன்.

"அப்பா நல்லாருக்கறாரா?" என்று மட்டும் குனிந்து கேட்டான். இலையைப் பார்த்தபடி.

"இருக்கறாரு" என்றேன்.

வலப்பக்கம்

அப்பா அதன்பிறகு நெடுநாள் இருந்தார். எனக்கு வேலை கிடைத்ததும் என்னோடு வந்து இருந்தார். சாயங்காலம் கடைவீதிவரை நடப்போம். லாரிகள் உரசிக்கொண்டு போகிற சாலை அது. ரோட்டுப் பக்கம் அவரை விடாமல் நான் வலப்பக்கமாக நடப்பேன். அவருக்குப் பார்வை இல்லாத பக்கம்.

கொஞ்ச தூரம் போவார். நான் இருக்கிறேனா என்று சந்தேகம் வரும். நின்று முழுத் தலையையும் வலப்பக்கம் திருப்பி, இடது கண்ணால் என்னைத் தேடிப் பார்ப்பார். இருப்பது தெரிந்ததும் நடப்பார். மறுபடியும் கொஞ்ச தூரம். மறுபடியும் திருப்புவார். கழுத்து வலிக்குமே, ஒரு குரல் கொடுத்தால் போதாதா என்று பலமுறை சொன்னேன்.

செரி சாமி என்பார்.

சாகும்வரை அப்படித்தான் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நடந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு ஒரு தடவைகூட அவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.